சல்லடையில ஏறி இந்தியா போனோம்

மேகத்தக் காட்ட டிக்கெட் போட்ட மனுசன நீங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். அவருகிட்ட வேலையும் பாத்திருக்கேன்.

இலங்கை மலைநாட்டுல, நோர்வூட்டுக்கு மேல எங்க தேயிலத் தோட்டம். காலையில எங்க லயத்து வீட்டுக் கதவத் தொறந்தா மொதல்ல உள்ள வர்றது மேகம், அதுக்கப்புறந்தான் வெளிச்சம். அடுப்புப் பொகையும் மேகமும் ஒன்னாச் சேந்து கண்ண எரிக்கும். கொழுந்து எடுக்கப் போனா பக்கத்து நெரையில நிக்கிறவ மூஞ்சி தெரியாது. அதே ஊர்ல, அதே மேகத்த ஜன்னல் வழியா உள்ள விட்டு, "ஆகா, வானத்துல பறக்குறோம்"னு வெள்ளக்காரச் சனம் கைதட்டுச்சு. எனக்குச் சிரிப்பா வரும்? பத்திக்கிட்டு வரும்.

எங்க பெரிய தொரை ஒலகச் சண்டக் காலத்துல பிளேன் ஓட்டுனவராம். ஓட்டுனாரோ, பக்கத்துல நின்னு படம் புடிச்சுக்கிட்டாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சண்ட முடிஞ்சு தோட்டத்துக்குத் திரும்பி வந்தும் அந்தக் கிறுக்கு விடல. எங்கயோ ஏலத்துல ஒடஞ்ச பிளேன் ஒன்ன வாங்குனாரு. றெக்கை கெடையாது, வாலு கெடையாது, நடு ஒடம்பு மட்டும். எங்க தோட்டத்து வளைவுல லாரி திரும்ப மாட்டாம, மெயின் ரோட்டுலயே எறக்கி, எங்க ஆம்பளைங்க தோளுல சொமந்துக்கிட்டு வந்தாங்க. வழியில ஒருத்தரு கேட்டாராம், "பிளேனுன்னா நம்மளத் தூக்கிக்கிட்டுப் போறதுதானே, இத எதுக்கு நாம தூக்கிக்கிட்டுப் போறோம்?"னு. அன்னைக்கு எங்க தோட்டத்துல கேட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அதுதான்.

பழைய ஸ்டோரு, அதாவது தேயில அரைக்கிற பழைய ஃபேக்டரி, சும்மா கெடந்துச்சு. லயத்துல ஒரே காம்பராவுல மாமியா, மருமக, புள்ளைங்க எல்லாம் கால நீட்ட முடியாம சுருண்டு கெடக்க, அவ்வளவு பெரிய கட்டடத்த அந்த றெக்கையில்லாத சாமானுக்குக் குடுத்தாரு தொரை. வாசல்ல மியூசியம்னு போர்டு மாட்டுனாரு. தேயில சலிக்கிற சல்லடை மெஷின் மேல பிளேன ஒக்கார வச்சாரு. மெஷின ஓட்டுனா தூளு சலிக்கிற மாதிரியே உள்ள இருக்கிற ஆளுங்களும் கடகடன்னு சலிபடுவாங்க. இலை வாட்டுற பெரிய காத்தாடிய மேல்மாடியிலருந்து எறக்கித் திருப்பி வச்சா காத்து. ஜன்னலத் தொறந்து விட்டா மேகம். அந்த எடத்துல கலப்படம் இல்லாத சரக்கு அது ஒன்னுதான்.

பக்கத்துல ஒரு இருட்டு அறை. அங்க சண்டக் காட்சி. தோலுச் சட்ட போட்ட பொம்ம ஒன்னு, வயித்துல மானாப்புல்லு அடைச்சது, வீரன் கணக்கா நிக்கும். குண்டு விழுற சத்தத்துக்கு எங்க தோட்டத்துத் தப்புக்காரங்கள மறைவுல நிறுத்தி அடிக்க விட்டாரு. விடியக் காலம் வேலப் பெரட்டுக்கு ஆள எழுப்புறதும் அதே தப்பு, எழவுக்கு அடிக்கிறதும் அதே தப்பு, இப்ப குண்டுக்கும் அதே தப்பு. மொத நாளு சத்தம் கேட்டதும் எங்க லயத்துப் பொம்பள ஒருத்தி தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, "ஐயோ, யாருடி போனது?"ன்னு மாரடிச்சுக்கிட்டே உள்ள ஓடியாந்துட்டா. பாத்துக்கிட்டிருந்த சீமாட்டிங்க, அதுவும் காட்சிதான்னு நெனச்சு அவளுக்கும் கைதட்டுனாங்க.

என் வேல என்னன்னு கேளுங்க. பிளேன்ல டீ குடுக்குற பொம்பள. மேல நீலக் கோட்டு, தலையில ஒரு குட்டித் தொப்பி, கீழ அதே கொழுந்துச் சேல. தொரைசானி என்னைய முன்னால பாத்து, பின்னால பாத்து, ரசிச்சா பாருங்க ஒரு ரசிப்பு! வெளக்கமாத்துக்குப் பட்டுக் குஞ்சம் கட்டுன கதையா நான் நின்னேன். பாலு ஊத்தாத தேத்தண்ணிக்கு எங்க பக்கம் பிளேன்டீன்னு பேரு. "பிளேன்ல குடுக்குறது பிளேன்டீ"ன்னு தொரைக்கு ஒரு பகிடி. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரே சிரிச்சிருவாரு. மத்தவங்களுக்கு மிச்சமே வைக்க மாட்டாரு. அந்த டீ மட்டும் மொதத் தரத் தூளு. பறிக்கிற எங்களுக்கு வீட்டுக்குக் குடுக்குறது கூட்டி அள்ளுன கழிவு.

எங்க வீட்டுக்காரருக்கும் அங்கயே வேல. பிளேன் ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பெரிய உருளையில படுதாவச் சுத்தி வச்சிருந்தாங்க. அவரு கைப்பிடியச் சுத்தச் சுத்த, படுதாவுல மல போவும், கடலு போவும், கடைசியில லண்டன் வரும். உள்ள இருக்கிறவங்க லண்டனக் கண்டதும் கண்ணு கலங்குவாங்க. துணியப் பாத்து அழுவுறவங்களுக்கு, வெளிய நின்னு அதச் சுத்துற மனுசன் பசியோட சுத்துறான்னு தெரியாது.

இதெல்லாம் கூத்துன்னு விட்டுட்டுப் போயிருப்பேன். ஆனா அந்த நேரத்துல எங்க வீட்டுல ஒரு பெரிய கவல ஓடிக்கிட்டிருந்துச்சு. நாப்பத்தெட்டுக்குப் பொறவு எங்க சனத்துக்கு நாடே கெடையாதுன்னு ஆக்கிட்டாங்க. இந்தியாவுலருந்து வந்து காட்ட வெட்டி மலையத் தேயிலையாக்குனவன் அந்நியனாம். மனு போட்டா, விசாரிச்சு, நெசமாவே இங்க வேரு விட்டவங்கதான்னு தெரிஞ்சா, பிரஜாவுரிமை குடுப்பாங்களாம். என்ன பெரிய மனசு! எங்க வீட்டுக்காரரு எனக்கும் அவங்கம்மாவுக்கும் சேத்து மனு போட்டுட்டு, எப்ப கூப்புடுவாங்கன்னு வருசக் கணக்காக் காத்துக் கெடந்தாரு. "அது மட்டும் கெடச்சிருச்சுன்னா, எவன் வந்து எந்திரிச்சுப் போன்னு சொன்னாலும் போக வேணாம் புள்ள"ன்னு எப்பப் பாத்தாலும் அதே பேச்சு.

விசாரணையில ஆளக் கவுக்குற கேள்வி ஒன்னு இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. இந்தியாவுக்குப் போக்குவரத்து இருக்கா? இருக்குன்னா மனு குப்பையில. எங்களுக்கு அந்தப் பயமே இல்ல. எங்க அத்தை, அதாவது அவரோட அம்மா, இந்தத் தோட்டத்துலயே பொறந்து இந்தத் தோட்டத்துலயே தாலி கட்டுனவங்க. வட்டவளை ஸ்டேஷனுக்கு அங்கிட்டு ரயிலு எங்க போவுதுன்னு கூடத் தெரியாது அவங்களுக்கு.

அப்பதான் தொரைசானிக்குக் கூலிச் சனத்து மேல எரக்கம் பொறந்துச்சு. "பாவம், அவங்களும் அவங்க நாட்டப் பாக்கட்டும்"னாளாம். யாரு நாட்ட யாரு பாக்குறது? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். லண்டன் படுதாவக் கழட்டிட்டு, அட்டன் டவுன்ல சாப்பாட்டுக்கடை போர்டு எழுதுற ஒருத்தர விட்டுத் திருச்சி மலைக்கோட்டைய வரையச் சொன்னா. அந்த மனுசன் திருச்சிய எங்க கண்டாரு? மலைக்கோட்டை உளுந்து வட கணக்கா நடுவுல ஒரு ஓட்டையோட இருந்துச்சு. பக்கத்துல ஒரு ரயிலு, அந்த ரயில விடப் பெருசா ஒரு மாடு.

ஒரு ஞாயித்துக்கெழம, தோட்டத்துச் சனம் எல்லாம் காசில்லாம பிளேன்ல ஏறலாம்னு அறிவிச்சாங்க. ஒரு குஞ்சு கூட வரல. ஏறுனா அப்புடியே இந்தியாவுக்குக் கொண்டு போயித் தள்ளிட்டு, இங்க பேர வெட்டிருவாங்கன்னு லயம் பூராப் பேச்சு. பேர வெட்டுனா வேல போச்சு, காம்பராவும் போச்சு. "அட கூறு கெட்ட சனங்களா, அது சல்லடை மெஷினு! அது எங்கடி பறக்கப் போவுது?"ன்னு நான் பீலிக்கரையில நின்னு தொண்ட கிழியக் கத்துனேன். தண்ணி புடிச்சுக்கிட்டிருந்தவ ஒருத்தி சொன்னா, "உனக்கென்ன, நீ கோட்டுப் போட்டவ"ன்னு.

கடைசியில எங்க அத்தைதான் மொதல்ல வந்தாங்க. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வெளுத்த சேல, நெத்தி நெறைய துன்னூறு. "மகன் ஓட்டுறான், மருமக டீ குடுக்குறா, நான் ஏறாம யாரு ஏறுவா?"ன்னு ஜன்னலோரம் ஒக்காந்தாங்க. அவங்களப் பாத்துட்டு இன்னும் கொஞ்சப் பேரு பயந்து பயந்து ஏறுனாங்க. மெஷின் ஓடுச்சு, காத்தாடி சுத்துச்சு, மேகம் உள்ள வந்துச்சு. "லயத்துல வர்ற அதே சனியன்தான்"னு அத்தை முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டாங்க. மலைக்கோட்டை வந்ததும் கையெடுத்துக் கும்புட்டாங்க. "மாடு நல்லாயிருக்குடி"ன்னாங்க. டீயக் குடிச்சுட்டு, "சீனி பத்தல"ன்னாங்க.

எறங்குறப்ப தொரை வாசல்ல நின்னாரு. தோட்டத்து தொரைமாரு தமிழு ஒரு தனித் தமிழு. ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்து, "நீ இப்போ இந்தியா போச்சு, திரும்பி வந்துச்சு. யாரு கேட்டாலும் சொல்லணும், நான் இந்தியா பாத்துச்சு. தெரியும்தானே?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா எங்க அத்தை சிரிக்கல. காலமெல்லாம் தொரை வாயில வந்தத சட்டம்னு கேட்டு வளந்த மனுசி. "சரிங்க தொரை, சொல்லிர்றேங்க"ன்னு குனிஞ்சு சொல்லிட்டு எறங்குனாங்க.

சொன்னாங்களே, சொல்ல வேண்டிய எடத்துலயே சொன்னாங்களே!

கொஞ்ச மாசத்துல விசாரணைக்குக் கூப்புட்டாங்க. டவுன் கந்தோருக்கு, அதாவது கவர்மெண்டு ஆபீசுக்கு, மூனு பேரும் போனோம். போற வழியெல்லாம் எங்க வீட்டுக்காரரு, "அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. அத்தைக்கு வேற ஒரு யோசன இருந்திருக்கு. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பொம்பளைங்ககிட்ட பலாக்காயும் கீரையும் வாங்கி வாங்கி அவங்களுக்கு நல்லாச் சிங்களம் வரும். சிங்களத்துலயே பதில் சொன்னா, அட இது நம்ம ஊரு மனுசின்னு அங்க இருக்கிற மாத்தயா, அதாவது சிங்கள ஐயா, நெனச்சுக்குவாருன்னு மனசுல வச்சிருக்காங்க. எங்ககிட்ட மூச்சு விடல.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற மாத்தயா. பக்கத்துல தமிழாக்கிச் சொல்ல ஒரு ஆளு, பாதித் தூக்கத்துல. எங்க வீட்டுக்காரர விசாரிச்சு முடிச்சாச்சு. எல்லாம் நல்லாவே போச்சு. அடுத்து அத்தை. மாத்தயா தலையத் தூக்காமயே கேட்டாரு.

"இந்தியாவட கிஹில்லா தியெனவாத?" இந்தியாவுக்குப் போயிருக்கியான்னு கேள்வி.

தமிழாக்குற ஆளு கொட்டாவிய முடிக்கிறதுக்குள்ள அத்தை முந்திக்கிட்டாங்க. "கிஹில்லா தியெனவா மாத்தயா!" போயிருக்கேங்க ஐயா! சிங்களத்துலயே சொல்லிட்டோம்ங்குற பெரும மொகத்துல பூத்துக் கெடக்குது.

மாத்தயா இப்பத்தான் தலையத் தூக்குனாரு. எதுல போனன்னு கேட்டாரு. பிளேன்லன்னாங்க. யாரு கூட்டிக்கிட்டுப் போனதுன்னாரு. எங்க பெரிய தொரைன்னாங்க. வேற யாரு வந்தாங்கன்னு கேட்டாரு. "என் மகன்தான் ஓட்டுனான், என் மருமகதான் டீ குடுத்தா"ன்னு எங்க ரெண்டு பேரையும் கையக் காட்டுனாங்க. பேச்சு தடங்கல் இல்லாம ஆத்துத் தண்ணியா ஓடுது. மலைக்கோட்டையச் சொன்னாங்க. மாட்டையும் சொன்னாங்க, பாவி மனுசி!

எங்க வீட்டுக்காரரு பாஞ்சு முன்னால போனாரு. "ஐயா, அது நெச பிளேன் இல்லீங்க. சல்லடை மெஷினுங்க. தூளு சலிக்கிறதுங்க. சும்மா ஆடுமுங்க"ன்னு கையையும் காலையும் ஆட்டிக் காட்டுனாரு. பதட்டத்துல அவருக்குச் சிங்களம் வரல. தமிழாக்குற ஆளு கண்ணக் கசக்கிக்கிட்டாரு. அப்புறம் மாத்தயாகிட்ட என்ன சொன்னாருன்னா, சல்லடையில ஏறி இந்தியா போனதா இவன் சொல்றான்னு சொன்னாரு. அத்தைக்குச் சிங்களம் புரியுமில்லையா, "ஆமா ஆமா"ன்னு தலையாட்டுனாங்க.

மாத்தயா சிரிக்கல. சிரிச்சிருந்தா நாங்க பொழச்சிருப்போம். "அம்மா போனேங்குறா. மகன் போகலேங்குறான். ரெண்டுல ஒருத்தர் பொய்யி. பொய் சொல்றவங்களுக்கு இந்த நாடு குடுக்காது"ன்னாரு. மலைக்கோட்டைய நேர்ல பாக்காம ஒரு கொழுந்தெடுக்குற பொம்பள இவ்வளவு வெவரம் சொல்ல முடியுமான்னும் கேட்டாரு. நடுவுல ஓட்டையிருக்குற மலைக்கோட்டைய! படிச்ச மனுசன், மேசை போட்டு ஒக்காந்த மனுசன், ரயில விடப் பெரிய மாட்ட நம்புனாரு. எங்கள நம்பல.

திரும்பி வர்றப்ப, பஸ்ஸ விட்டு எறங்கி மல ஏறுற எடத்துல எங்க வீட்டுக்காரரு, "ஏம்மா?"ன்னாரு. "தொரை சொல்லச் சொன்னாருல்லடா? யாரு கேட்டாலும் சொல்லுன்னாரே. அவரு வார்த்தைய நான் மீறலாமா? நாளைக்குத் தெரிஞ்சா உன் பேரத்தானே வெட்டுவாரு?"ன்னு அத்தை அழுதாங்க. அதுக்கு மேல அவங்கள என்ன கேக்குறது? எனக்கு அவங்க மேல கோவம் வந்துச்சு, வராம என்ன. ஆனா கையக் கட்டி நில்லு, சொன்னதச் செய்யின்னு ஒரு மனுசிய அறுவது வயசு வரைக்கும் பழக்கிட்டு, ஒரே ஒரு நாளு மட்டும் நீயா யோசிச்சுப் பேசுன்னா, அது எங்கருந்து வரும்?

மனு தள்ளுபடி. மூனு பேருக்கும் சேத்துத்தான்.

நான் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கரு யாழ்ப்பாணத்து ஆளு, கண்ணாடிக்கு மேலால பாத்தாரு. "உங்கட மாமிதானே போனனான் எண்டு சொன்னவ. பிறகு நாங்கள் என்ன செய்யிறது?"ன்னாரு. தொரை ஒரு வார்த்த சொன்னாப் போதும் ஐயா, அது வெளையாட்டு பிளேனுன்னு ஒரே ஒரு வார்த்தன்னு கெஞ்சுனேன். கெஞ்சுறது எனக்குப் பழக்கமில்ல. வாயில வேப்பங்கா கணக்கா கசந்துச்சு. பேசிக்கிட்டிருக்கும்போதே தொரை வந்துட்டாரு. கிளாக்கரு இங்கிலீசுல வெவரம் சொன்னாரு.

தொரை கேட்டாரு. கண்ணு விரிஞ்சுச்சு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, மேசையப் புடிச்சுக்கிட்டு, மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. "கவர்மெண்டே நம்பிச்சு!"ன்னாரு. அவரோட மியூசியத்துக்கு அதவிடப் பெரிய பாராட்டு யாரு குடுத்திருக்கா? சிரிச்சு முடிச்சுத் தொடச்சுக்கிட்டு, "கவர்மெண்டு விசயத்துல நான் தலையிடுறதில்ல"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. அவ்வளவுதான். வேலியில போன ஓணான நாங்க மடியில எடுத்து விட்டுக்கிட்டோம், அது அவருக்கு வேடிக்கையாப் போச்சு.

அந்த ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுலருந்து வெள்ளக்காரக் கும்பல் ஒன்னு வந்துச்சு. நான் தட்டுல டீய வச்சுக்கிட்டு நீலக் கோட்டோட நிக்கிறேன். தொரை என்னமோ கதை சொல்றாரு. இங்கிலீசு எனக்குத் தெரியாது. ஆனா இந்தியாங்குறது எந்தப் பாசையிலயும் இந்தியாதானே. கவர்மெண்டுங்குறதும் கேட்டுச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல சிரிச்சாங்க, சிரிச்சுட்டு ஒரே நேரத்துல திரும்பி என்னையப் பாத்தாங்க. ஒருத்தி என் கையத் தட்டிக் குடுத்தா, நல்லா நடிச்சேன்ங்குற மாதிரி.

தட்ட அப்புடியே பிளேனு தரையில வச்சேன். கோட்டக் கழட்டுனேன். நேரா இருட்டு அறைக்குப் போயி, மானாப்புல்லு பொம்மைக்கு அந்தக் கோட்டப் போட்டு, தொப்பிய மாட்டி, "இனிமே நீ குடு டீ"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். தப்புக்காரங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அதுல ஒருத்தரு எனக்காக ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. மறுநாளு கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போனேன்.

வருசம் ஓடுச்சு. தொரை தோட்டத்த வித்துட்டு, அவரோட சொந்த நாட்டுக்குக் கப்பல்ல போனாரு. அவரப் போன்னு யாரும் சொல்லல, போகக் கூடாதுன்னும் யாரும் சொல்லல. பிளேன பழைய இரும்புக்காரன் வெட்டி எடுத்துக்கிட்டுப் போனான். மலைக்கோட்டைப் படுதாவ மட்டும் அத்தை கேட்டு வாங்கிக்கிட்டு வந்து, காம்பராவுல கூரை ஒழுகுற எடத்துக்குக் கீழ கட்டுனாங்க. மழ பேஞ்சா மாட்டு வயித்துல தண்ணி தொங்கும். குச்சியால தள்ளி விடுவோம்.

அறுவத்தி நாலுல இந்தியா, இலங்கை ரெண்டு கவர்மெண்டும் ஒக்காந்து பேசி எங்க சனத்தப் பங்கு போட்டுக்கிச்சு. இத்தன பேரு அங்க, இத்தன பேரு இங்க. அதுக்கப்புறம் ஒரு நாளு பெரட்டுக்களத்துல, காலையில வேலைக்கு ஆளு பிரிக்கிற எடத்துல, அதே கிளாக்கரு வந்து யாரு யாரு இந்தியா போக விருப்பம்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. அத்தைக்கு அப்ப வேலையில பேரு கெடையாது, எனக்குச் சோறு கொண்டாந்தவங்க. அவங்க முன்னாலயும் நின்னு, வழக்கமில்லாத மரியாதையோட, "ஆச்சி, நீங்கள் இந்தியாவுக்குப் போறியளோ?"ன்னாரு.

அத்தை தூக்குச்சட்டிய என் கையில குடுத்துட்டு, முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டாங்க. வாழ்க்கையில மொத தடவையா ஒரு ஆபீசுக்காரர நிமிந்து பாத்தாங்க.

"ஒருவாட்டி அந்த ஊருக்குப் போனதுக்கே இந்த ஊரு போச்சுங்க ஐயா. போறதுக்கு இன்னும் என்னங்க மிச்சம் இருக்கு எங்ககிட்ட?"